மிடியும் கமகமும்

கணினியின்முன் அமர்ந்து இசையமைக்கும் ஒருவர் தம்முன் உள்ள விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்துகிறார், ஒலி எழுகிறது. ஆயினும் அவர் விரலுக்கும் அவ்வொலிக்கும் இடையே ஒலியல்லாத ஒன்று ஓடுகிறது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எத்துணை விசையோடு அழுத்தப்பட்டது, எப்பொழுது விடப்பட்டது என்னும் செய்திகளே அவை. அச்செய்திகள் எண்களாக ஓடிச் சென்று, ஒலியை எழுப்பும் கருவிக்குக் கட்டளையிடுகின்றன. இம்முறைக்கு ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மிடி’ எனப் பெயரிட்டனர். தமிழில் மிடி என்னும் சொல்லுக்கு வறுமை என்பது பொருள். இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலே. எனினும், தமிழிசையை இம்முறைக்குள் அடக்க முனைவோர் அந்தப் பொருளையும் ஒருகால் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை உண்டு.

சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் இந்த வினா உயிருள்ள வினாவாகும். வீரமாகாளியம்மன் கோயிலிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலிலும் நாகசுரமும் தவிலும் முழங்குகின்றன. அதே வட்டாரத்து இளைஞர் மடிக்கணினி ஒன்றைக் கொண்டு வீட்டிலிருந்தே பாடலுக்கு இசையமைக்கும் காலமும் இது. ஒரு பக்கம் குருவின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கு வரும் இசை. மறுபக்கம் எண்களாக மாறி இயந்திரத்துக்குள் செல்லும் இசை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடையது.

ஏட்டில் ஏறிய இசை

இசையைக் குறியாக்கும் முயற்சி கணினியோடு தொடங்கியதன்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரங்கள் ஏழற்கும் பெயரிட்டு வழங்கிய பழமை தமிழுக்கு உண்டு. பெயரிடுதலே குறியாக்கத்தின் முதற்படி. ஆயினும், பெயரை அறிந்தமையால் மட்டும் பாடல் கைவந்துவிடாது. சுரத்தின் பெயர் வேறு. அச்சுரம் ஒரு பண்ணில் அசைந்தும் வளைந்தும் வழுக்கியும் ஒலிக்கும் முறை வேறு. அவ்வசைவையே கமகம் என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார், கருநாடக இசை உருப்படிகளை மேனாட்டுக் கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அழிந்துபோகாமல் காத்தலும், உலகத்தார் அறியச் செய்தலும் அவர் நோக்கம். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர், பின்னர் 1904-ஆம் ஆண்டில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை எட்டயபுரத்தில் அச்சேற்றினார். தெலுங்கு எழுத்தில் வந்த அந்நூலைப் பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது.

தீட்சிதர் நூலின் தனிச்சிறப்பு ஈண்டு நோக்கத்தக்கது. அவர் ச, ரி, க, ம என எழுத்துகளை மட்டும் நிரல்பட அடுக்கிவிட்டு அமையவில்லை. ஒவ்வொரு சுரத்தின்மீதும் இது நடுங்க வேண்டும், இது வழுக்க வேண்டும் எனக் காட்டும் கமகக் குறிகளையும் அமைத்தார். எழுத்து மட்டும் போதாது, எழுத்தின் ஒலிப்புமுறையும் ஏட்டில் ஏற வேண்டும் என்று அவர் கருதியதற்கு அக்குறிகளே சான்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ வேறொரு கோணத்தில் அதே சிக்கலை அணுகியது. ஒரு தாயியில் எத்தனை சுருதிகள் உள்ளன என்னும் வினாவை எழுப்பி, 22 சுருதி என்னும் கொள்கையை மறுத்துக் கணக்கு முறையில் வாதிட்டது அந்நூல். இசையை எண்ணாக்க முயன்ற தமிழர் கணினிக்கு நெடுங்காலம் முன்னரே இருந்தனர் என்பதற்கு இவை போதும்.

வயலினும் ஆர்மோனியமும்

பிறநாட்டுக் கருவிகள் தமிழ்நாட்டிற்கு வந்தபோதும் இதே உரைகல்லே பயன்பட்டது. முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786-1858) மேனாட்டு வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். அதன் தண்டில் மெட்டுகள் இல்லை. விரல் தடையின்றி வழுக்கிச் செல்லலாம். கமகத்திற்கு இடம் தந்தமையால் வயலின் நம் கருவியாகவே ஆகிவிட்டது.

ஆர்மோனியத்தின் கதை வேறு. அதன் கட்டைகள் பன்னிரண்டு நிலைகளில் நிலைத்து நிற்பவை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே வழி இல்லை. நாடக மேடையிலும் பசனைக் கூட்டத்திலும் அது பெருந்துணையாக விளங்கியது. எனினும் இரவீந்திரநாத தாகூரும், கொழும்பில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1940-ஆம் ஆண்டில் அனைத்திந்திய வானொலி தன் நிலையங்களில் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. 1971-ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்ந்தது. தடையால் ஆர்மோனியம் மறையவில்லை. அது எழுப்பிய வினாவும் மறையவில்லை. கட்டைகளின் இடைவெளியில் வாழும் இசையைக் கட்டைகளால் எவ்வாறு சொல்வது என்பதே அவ்வினா. அதுவே புதிய வடிவில் கணினிக்குள்ளும் புகுந்தது.

மிடி பிறந்த வரலாறு

1970-களில் மின்னணு இசைக்கருவிகள் பெருகின. ஆனால், ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலவில்லை. சப்பானின் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கெகாசியும், கலிபோர்னியாவில் சீக்குவென்சியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் சுமித்தும் பொதுமொழி ஒன்றின் தேவையை உணர்ந்தனர். 1981-இல் சுமித்து, செட் வுட் என்பாரோடு சேர்ந்து முதல் முன்மொழிவை அளித்தார். 1983-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இரு கருவிகள் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க, மற்றொன்றும் ஒலித்தது. அம்மொழிக்கு எவரும் உரிமைத்தொகை கேட்கவில்லை. எனவே அது விரைந்து பரவியது. இப்பணிக்காக இருவரும் 2013-இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது பெற்றனர்.

அம்மொழியின் அமைப்பு எளியது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். மேனாட்டார் ‘நடு சி’ என வழங்கும் சுரத்திற்கு எண் 60. அழுத்தும் விசைக்கும் அவ்வாறே 127 வரை அளவு. ஒரு வடத்தில் 16 தடங்கள். ஒவ்வொரு தடமும் ஒரு வாத்தியத்திற்கு. இத்துணைச் சிறிய சொற்களஞ்சியத்தைக் கொண்டே கடந்த நாற்பது ஆண்டுக் காலத் திரையிசையின் பெரும்பகுதி எழுதப்பட்டுள்ளது.

1985-இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. என்னும் கணினி மிடி வடத்திற்கான வாயில்களைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. செருமனியின் ஆம்பர்க்கு நகரைச் சேர்ந்த சுடைன்பர்க்கு நிறுவனம் 1989-இல் அக்கணினிக்காகக் கியூபேசு என்னும் மென்பொருளை வெளியிட்டது. வாசித்ததைத் திரையில் கண்டு, பிழைபட்ட சுரத்தை மட்டும் எடுத்துத் திருத்தும் வசதி இத்தகைய மென்பொருள்களால் பரவலாயிற்று.

சிங்கப்பூரின் பங்கு

இவ்வரலாற்றில் சிங்கப்பூருக்குச் சிறப்பான இடம் உண்டு. ஆர்மோனிகா வாசிப்பதில் ஆர்வமுடைய சிம் வோங் ஹூ 1981-ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைச் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் சிறு கடையாகத் தொடங்கினார். 1989-இல் அந்நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டை, ஓசையற்றிருந்த அலுவலகக் கணினியை இசைக்கும் கணினியாக மாற்றியது. அதன் விளையாட்டுக் கைப்பிடி வாயிலை, தக்க இணைப்பியின் உதவியால் மிடி வாயிலாகவும் பயன்படுத்தலாம். அதுகாறும் ஒலிப்பதிவுக் கூடத்திற்கே உரியதாயிருந்த வசதி, எளிய குடும்பத்து மாணவனின் மேசைக்கு வந்தது.

1993-இல் அந்நிறுவனம், உண்மை வாத்தியங்களின் ஒலியைப் பதிந்து கட்டைகளில் ஒலிக்கச் செய்யும் கருவிகளுக்குப் புகழ்பெற்ற ஈமியூ நிறுவனத்தை வாங்கியது. 1994-இல் வந்த ஏ.டபிள்யூ.ஈ. 32 என்னும் ஒலியட்டையில், பயன்படுத்துவோர் தாமே பதிந்த ஒலிகளை ஏற்றிக்கொள்ள முடிந்தது. வீணையின் ஒரு மீட்டையோ மிருதங்கத்தின் ஒரு சொல்லையோ பதிந்து, கட்டையில் ஏற்றலாம் என்பது இதன் பொருள். சிம் வோங் ஹூ 2023 சனவரியில் மறைந்தார். சிராங்கூன் சாலைக்குச் சில கல் தொலைவில் பிறந்த ஒரு முயற்சி, உலகெங்கும் இல்லங்களில் இசையாக்கம் பரவத் துணைசெய்தது என்பதை இந்நாட்டு மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

திரையிசையில் புதுமை

1986-இல் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தில் இளையராஜா கணினிவழி இசையைக் கையாண்டார். சிராங்கூன் சாலையின் ஒலிநாடாக் கடைகள் வழியாகத் தமிழ்ப் பாடல்கள் இல்லந்தோறும் சென்ற காலம் அது. ஆறாண்டுகள் கழித்து, 1992-இல், ‘ரோஜா’ படத்தின் வாயிலாக ஏ.ஆர். ரகுமான் அறிமுகமானார். இசைக்குழு முழுவதையும் ஒருசேர அமரவைத்துப் பதிவதற்கு மாறாக, தம் இல்லத்தை ஒட்டிய கூடத்தில் ஒவ்வொரு தடமாக அடுக்கிப் பாடலைக் கட்டும் முறை அவரால் தமிழ்நாட்டில் வேரூன்றியது. இருவரும் நன்கு பயின்ற பின்னரே இயந்திரத்தை ஏவியவர்கள் என்பதை மறத்தலாகாது. மேனாட்டுச் செவ்விசையும் நம் நாட்டு இசையும் அவர்தம் செவியில் முன்பே குடியிருந்தன.

தோன்றல், திரிதல், கெடுதல்

இனி, இந்நாளைய மென்பொருள்களில் ‘மிடி எஃபெக்ட்’ என வழங்கும் கருவிகளை நோக்கலாம். எதிரொலி கூட்டுவதும் முழக்கம் சேர்ப்பதும் ஒலி பிறந்தபின் அதனை மாற்றுபவை. மிடி எஃபெக்ட்டுகளோ ஒலி பிறக்குமுன் கட்டளையையே மாற்றுகின்றன. ஆதலின் அவற்றை மிடி மாற்றிகள் எனக் குறிப்பது பொருந்தும். பெர்லின் நகரின் ஏபில்டன் நிறுவனத்து ‘லைவ்’ மென்பொருளிலும், ஆப்பிள் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘லாஜிக் புரோ எக்ஸ்’ மென்பொருளிலும் இவை தனித்தொகுதியாகவே அமைந்துள்ளன.

தமிழாசிரியர்க்கு இவற்றின் இயல்பு எளிதில் விளங்கும். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் எழுத்துகள் மாறுவதைத் தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூலார் மூவகைப்படுத்தினார். மிடி மாற்றிகளையும் அவ்வாறே வகுக்கலாம்.

தோன்றல் வகையில், ஒரு கட்டையை அழுத்த மேலும் இரண்டு மூன்று சுரங்கள் உடன்தோன்றச் செய்யும் ‘கார்டு’ மாற்றி அடங்கும். அழுத்திய சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றி வாசிக்கும் ‘ஆர்ப்பெஜியேட்டர்’ என்பதும் இவ்வகையது. 1978-இல் வந்த ரோலண்டு சூப்பிட்டர்-4 போன்ற கருவிகளில் மிடிக்கு முன்னரே இது இருந்தது. விரல் அசையாதிருக்க, இசை ஓடிக்கொண்டே இருக்கும்.

திரிதல் வகையில் முதன்மையானது சுருதி மாற்றி. ஐந்து கட்டைச் சுருதியில் அமைத்த பாடலை ஆறு கட்டையில் பாடும் சிறுமிக்காக உயர்த்த வேண்டுமெனில், எல்லா எண்களோடும் இரண்டைக் கூட்டினால் போதும். முழுப் பாடலும் எழுந்து நிற்கும். தாளத்தில் பிசகி விழுந்த சுரத்தை அருகிலுள்ள மாத்திரைக்கு இழுக்கும் ‘குவான்டைஸ்’ என்னும் முறையும் இவ்வகையில் அடங்கும். ‘ஸ்கேல்’ என்னும் மாற்றியும் அத்தகையதே. ஓர் இராகத்தின் சுரங்களை அதில் வகுத்துவிட்டால், தவறான கட்டையை அழுத்தினாலும் அருகிலுள்ள சரியான சுரமே ஒலிக்கும். மாயாமாளவகௌளையின் ஏழு சுரங்களை வகுத்துவிட்டால், எத்துணைத் தடுமாறினாலும் அவ்வேழையன்றி வேறு வாராது.

கெடுதல் வகையில், குறித்த எல்லைக்கு அப்பாற்பட்ட சுரத்தையோ, மிக மெல்லிய அழுத்தத்தையோ நீக்கும் வடிகட்டிகள் அமையும்.

இவை யாவும் பயனுடையன. ஆயினும் விதி அறியாதார்க்குப் புணர்ச்சி பிழையாவது போல, இசை அறியாதார்க்கு இவை பிழைக்கு வழியாகின்றன. பிலகரி இராகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறுமுகத்தில் அது ச ரி க ப த என ஐந்து சுரமே கொள்ளும்; இறங்குமுகத்தில் நிடாதமும் மத்திமமும் சேர்ந்து ஏழாகும். ‘ஸ்கேல்’ மாற்றியோ அழுத்திய கட்டையை மட்டும் பார்க்கும். பாடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அறியாது. ஐந்து சுரத்தை வகுத்தால் இறங்குமுகம் சிதையும். ஏழு சுரத்தை வகுத்தால் ஏறுமுகத்தில் வேற்றுச்சுரம் புகுவதைத் தடுக்க இயலாது. இராகம் என்பது சுரங்களின் பட்டியல் அன்று. அவற்றின் நடை என்பது இதனால் பெறப்படும்.

தாளத்திலும் இந்நிலையே. பெரும்பாலான மென்பொருள்கள் அடியை நான்காகவும் எட்டாகவும் பதினாறாகவும் பிரிக்கும் பழக்கத்தை முன்வைக்கின்றன. சதுசிரத்திற்கு இது பொருந்தும். கண்டநடையின் ஐந்தையும் மிசிரநடையின் ஏழையும் பயன்படுத்துவோர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காமல் ‘குவான்டைஸ்’ செய்தால், கண்டநடையில் வாசித்த மிருதங்கச் சொற்கட்டு சதுசிரத்தின் கட்டங்களுக்குள் நெரிபட்டுத் தன் உருவிழக்கும். இயந்திரம் பிழை செய்வதில்லை. தனக்குச் சொல்லப்பட்ட கட்டத்தையே அது அறியும்.

கமகத்தின் நிலை

கமகத்திற்கு மிடி இடந்தரவில்லையா எனின், தந்துள்ளது என்பதே விடை. சுரத்தை வளைக்கும் கட்டளை ஒன்று தொடக்கம் முதலே அதில் உண்டு. அதன் அளவு 16,384 படிகள். வழக்கமான அமைப்பில் அப்படிகள் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என நான்கு அரைச்சுர இடைவெளியில் பரவுகின்றன. அஃதாவது ஓர் அரைச்சுரத்திற்குள் 4,096 படிகள். தோடியின் காந்தாரம் அசைவதற்கு இவ்விடம் தாராளமானது. ஆகவே மிடியில் எண்ணுக்கு வறுமை இல்லை.

வறுமை வேறிடத்தில் உள்ளது. பழைய முறையில் அவ்வளைவு ஒரு தடம் முழுமைக்கும் பொதுவானது. ஒரே தடத்தில் சட்சமம் நிலைத்து நிற்க, காந்தாரம் மட்டும் அசைய வேண்டுமெனில் இயலாது. இரண்டும் சேர்ந்தே அசையும். இக்குறையைப் போக்க, ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தடம் தரும் முறை 2018-இல் ஏற்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த மிடியின் இரண்டாம் பதிப்பு, சுரந்தோறும் தனி வளைவை மொழியின் இலக்கணத்திலேயே சேர்த்தது. இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்டு ஆக்கன் வடிவமைத்த கண்டினியம் என்னும் கருவியில் கட்டைகளே இல்லை. மென்பரப்பில் விரலை வழுக்கி வாசிக்கலாம். 2009-இல் வெளிவந்த ‘டெல்லி-6’ படத்தின் பாடலொன்றில் ரகுமான் அதனைப் பயன்படுத்தினார். வயலின் தமிழரைக் கவர்ந்த அதே காரணம், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் செயற்பட்டதை இங்குக் காண்கிறோம்.

இன்னொரு வறுமை, கருவியில் அன்று, பழக்கத்தில் உள்ளது. மென்பொருளைத் திறந்தவுடன் திரையில் தோன்றுவது பன்னிரு கட்டைகளும் நான்காகப் பகுத்த அடியுமே. அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அறிந்தாரும் எதற்காக மாற்ற வேண்டும் என்பதைச் செவியால் உணர்ந்திருப்பதில்லை. குருவிடம் பயிலாத இளைஞர் ‘ஸ்கேல்’ மாற்றியின் துணையால் தோடியின் சுரங்களைப் பிழையின்றி வாசித்துவிடுகிறார்; காந்தாரம் அசையாமல் நிற்கிறது. சுரம் எதுவும் தவறவில்லை. தோடியும் அங்கு இல்லை. இழப்பு நேர்ந்ததே தெரியாமற் போவதுதான் பெரிய இழப்பு.

ஆசிரியர் பணி

எழுத்து அறிவிக்கும் ஆசிரியர், எழுத்தோடு நில்லாது ஒலிப்பையும் அறிவிக்கிறார். ழகரத்தின் வரிவடிவை எழுதக் கற்ற மாணவன் அதனை ஒலிக்கவும் கற்க வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வரிவடிவம் ஒலியைச் சுட்டுமேயன்றி, ஒலியாகாது. சுப்பராம தீட்சிதரின் கமகக் குறியும் அவ்வாறே. மிடியின் எண்ணும் அவ்வாறே. குறி எத்துணை நுட்பமானதாயினும், அதனை நிரப்பும் செவி முன்னரே பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

ஆகவே கணினி இசையை வெறுத்து ஒதுக்குவதும் அறிவுடைமையன்று. அதன் முதற்கட்டமைப்பை அப்படியே ஏற்பதும் அறிவுடைமையன்று. ஆர்மோனியத்திற்கு இட்ட தடை இசையைக் காக்கவில்லை. வயலினை வசப்படுத்திய உழைப்பே காத்தது. பள்ளியில் கணினி இசை பயிலும் தமிழ் மாணவர், ‘லாஜிக்’ போன்ற மென்பொருளில் தமக்கென விதி எழுதும் வசதியைக் கொண்டு, ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் வேறுபடுத்தி அறியும் மாற்றி ஒன்றைப் பிலகரிக்காக அமைத்துப் பார்க்கலாம். அமைக்கும் முயற்சியிலேயே பிலகரியை நன்கு கற்றுவிடுவர். இசையாசிரியர் பாடிக்காட்ட, கணினி ஆசிரியர் விதியெழுதத் துணைநிற்க, தமிழாசிரியர் புணர்ச்சி இலக்கணத்தை ஒப்புக்காட்டலாம். மூவரும் கூடிச் செய்யத்தக்க பணி இது.

சிராங்கூன் வட்டாரத்தில் இசை பயிலும் சிறுவர்க்கு இரு செல்வங்களும் அண்மையில் உள்ளன: கோயிலில் நாகசுரம், கையில் கணினி. முன்னதைக் கேட்ட செவியோடு பின்னதைத் தொடுவாராயின், மிடி என்னும் சொல் அவர் கையில் வறுமையைக் குறியாது.